முனைக்குப் பின்னால் வந்த அலை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். என் தங்கை மகள் கலாவும் அவள் கணவர் சுரேஷும் பினாங்குத் தீவில் புதுவீடு வாங்கியிருந்தார்கள். பால் காய்ச்சும் நாளில் தாய்மாமன் கையால் அடுப்புப் பற்ற வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். தங்கைக்கு முழங்கால் வலி. விமானம் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்குகிறவள். ஆதலின் குளச்சலில் நெடுங்காலம் வலைக்கடை நடத்தி ஓய்ந்திருக்கும் நான், ஒரு வெண்கல உருளியையும் கொஞ்சம் கருப்பட்டியையும் சுமந்துகொண்டு தனியே புறப்பட்டேன். பள்ளியில் அதிகம் பயிலாதவன் நான்; படித்ததெல்லாம் கடையில் ஈயோட்டிய வேளைகளில் படித்தது. இந்தப் பயணக் கட்டுரையின் எழுத்தில் குறை காணின் பொறுத்தருள்க.

விமானம் தரையிறங்கிய பாயான் லெப்பாஸில் பிற்பகல் வெயில் பாலாடை படிந்தாற்போல் மங்கிக் கிடந்தது. ஜன்னலே இல்லாத பெரிய வெள்ளைத் தொழிற்சாலைகள் ஒன்றையடுத்து ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவற்றின் வாயிலிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் மீன்குஞ்சுக் கூட்டம் போலத் திரண்டு வெளிப்பட்டன. சுரேஷ் அவற்றுள் ஒன்றில்தான் பொறியாளர். காரை ஓட்டியபடியே, "அதான் நம்ம ஃபேக்டரி மாமா. உள்ளே போனா வெளியே மழையா வெயிலான்னே தெரியாது லா" என்றார்.

பிறகு நீண்ட பாலம் வந்தது. தீவிலிருந்து பெருநிலத்துக்குக் கடலின் மேலேயே செல்லும் பாலம். இருபுறமும் நீர், நீருக்கும் வானுக்கும் இடையே கோடு எதுவும் இல்லை. ஒரு கப்பல் வானத்தில் நங்கூரமிட்டதுபோல் நின்றது. எங்கள் ஊர்க் கடல் எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பது. உறக்கத்திலும் அதன் பேச்சுக் கேட்கும். இந்தக் கடலோ வாய் திறக்கவில்லை. நான் விழித்திருந்தேனா, கண்ணயர்ந்தேனா என்பதை இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது.

பெருநிலத்தில் பிறை என்ற ஊரில் அவர்கள் குடியிருந்தது ஓர் அடுக்குமாடி வாடகை வீடு. கதவைத் திறந்தவர் சுரேஷின் தாயார் ருக்மணி அம்மாள். மெலிந்த உருவம், நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய கொண்டை. "வாங்கண்ணே. ஃபிளைட்டுல ஒண்ணும் குடுத்திருக்க மாட்டானுங்க. கை கழுவுங்க" என்று சொல்லி நேரே சோற்றைப் போட்டுவிட்டார். கெம்போங் மீன்குழம்பு. வாயில் வைத்ததும் அது எங்கள் அயிலை மீனே என்று கண்டுகொண்டேன். நாங்கள் தேங்காயை அரைத்துவிடுவோம். அவர் புளியைக் கரைத்து மசாலைத் தூளை அள்ளிப் போட்டிருந்தார். கண்ணில் நீர் வந்தது. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அண்ணே, நீங்க தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. நல்லபடியா பால் காய்ச்சிட்டுப் போங்க. ஆனா நான் அந்த வீட்டுக்கு வரலே. இங்கேயே பக்கத்துல ஒரு ரூம் பாத்துக்கறேன்."

சுரேஷ் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "அம்மா வராம நான் பால் காய்ச்ச மாட்டேன்" என்று தட்டுக்குச் சொன்னார்.

கலா என்னைப் பார்த்தாள். அந்த வாடகை வீட்டை மாத முடிவில் காலி செய்ய வேண்டும் என்பதும், வெள்ளிக்கிழமைக்கு நல்ல நேரம் குறித்தாகிவிட்டது என்பதும் எனக்கு அன்றிரவே தெரிந்தன. அம்மாள் ஏன் வர மறுக்கிறார் என்பது மட்டும் தெரியவில்லை.

மறுநாள் பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஜார்ஜ் டவுனைக் காட்ட அம்மாளே என்னை அழைத்துச் சென்றார். பட்டர்வொர்த்திலிருந்து படகுக் கப்பலில் ஏறினோம். எல்லோரும் காற்றுக்காக ஓரத்துக்குப் போக, அவர் நட்ட நடுவில் தூணருகே தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதிரே சீன மூதாட்டியர் இருவர் உரத்துப் பேசிக்கொண்டு வந்தனர். தொழிற்சாலை வாழ்க்கையில் சீனமும் கொஞ்சம் கற்ற அம்மாள் எனக்கு மொழிபெயர்த்தார். "என் மருமகன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர ஒரு டுரியான் பழம் செலவாகிறது" என்றாளாம் ஒருத்தி. "பேசாத மருமகன் நல்லது, என்னுடையவன் டுரியானையும் தின்றுவிட்டு அது சரியில்லை என்றும் பேசுகிறான்" என்றாளாம் மற்றவள். அம்மாள் சிரித்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இந்தியர் கடைத்தெருவில் பூக்கட்டும் கடைகளுக்கு நடுவே நடந்தோம். மல்லிகையும் ஊதுபத்தியும் பொரித்த கருவாடும் ஒரே காற்றில் கலந்து வந்தன. வாழையிலைச் சாப்பாடு நம் ஊரைப் போலவே இருந்தது. ஆனால் பரிமாறியவர் வங்காளதேசத்து இளைஞர். அவர் "ரசம் வேணுமா அங்கிள்?" என்று தமிழில் கேட்டார். பின்பு செண்டோல் என்ற குளிர்பானம் அருந்தினோம். தேங்காய்ப்பாலில் பச்சைப் புழுக்கள் போல மாவிழைகள் மிதக்க, மேலே பனைவெல்லப் பாகு. கருப்பட்டி சுமந்து வந்த எனக்கு அங்கேயும் அதன் சகோதரனைக் கண்டதில் ஒரு மகிழ்ச்சி.

நிற்க. திரும்பும்போது நான் ஒரு பிழை செய்தேன். நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகள் நின்றன. அம்மாள் ஒன்றைக் காட்டினார். நானோ நிறுத்தத்தில் ஒட்டியிருந்த படத்தைப் படித்து, கடல் இந்தப் பக்கம் இருக்கிறது, எனவே துறையும் இந்தப் பக்கமே என்று முடிவு கட்டி மற்றதில் ஏறினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பின்னால் ஏறினார். பேருந்து துறைக்குப் போகவில்லை. வடக்கே, கடற்கரைச் சாலையில், உயரமான கட்டடங்களைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது. வலப்புறம் திடீரென்று கடல் திறந்தது. அம்மாளின் கை முன்னிருக்கைக் கம்பியை இறுகப் பற்றியது. கண்கள் மூடியிருந்தன.

நான் மணியடித்து இறங்கச் செய்தேன். நடைபாதை மர நிழலில் சற்று நேரம் மூச்சு வாங்கிவிட்டு அவர் சொன்னார்: "இது ஜெட்டிக்குப் போற பக்கம் இல்லேன்னு எனக்கு ஏறும்போதே தெரியும். பக்கம் சொன்னா என் பேச்சை யாருண்ணே கேக்கறா?"

அந்தக் கடைசி வாக்கியம் பேருந்தைப் பற்றியது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டேன். அவர் வாடகைக் காருக்குக் கைகாட்டினார். மலாய் ஓட்டுநர் ஏதோ ஒரு மெல்லிய பாட்டை முணுமுணுத்தபடியே எங்களைத் துறையில் சேர்த்தார். மழை தூறியது. கண்ணாடியின் மேல் நகரம் கரைந்து வழிந்தது.

அன்று மாலை சமையலறையில் கலா எனக்கு விளக்கினாள். சுமத்திராவில் நிலம் நடுங்கிய அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை, ருக்மணி அம்மாளும் கணவரும் சோறு கட்டிக்கொண்டு தஞ்சோங் தொக்கோங் முனையருகே கடற்கரைக்குப் போயிருந்தார்கள். பள்ளிச் சிறுவனான சுரேஷ் அத்தை பார்வதி வீட்டில் இருந்திருக்கிறார். அலை வந்தது. கணவர் திரும்பவில்லை.

"மாமா, அத்தை ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாங்களாம். அலை முனைக்கு உள்பக்கம் வந்துச்சு, அதுவும் எதிர்ல பெருநிலத்துக் கெடா கரைப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு. பார்வதி சித்திதான்..." என்று தொடங்கிய கலா, தன் மாமியாரை அத்தை என்றும் கணவரின் அத்தையைச் சித்தி என்றும் தான் அழைப்பதை எனக்கு விளக்கிவிட்டுத் தொடர்ந்தாள். "சித்தி அண்ணனை இழந்த ஆத்திரத்துல, 'பெருநிலத்துலேர்ந்து அலை வருமா? பயத்துல உனக்குத் திசை குழம்பிடுச்சு. திறந்த கடல் பக்கம் எங்கண்ணனைக் கூட்டிட்டுப் போயிட்டு இப்ப மாத்திச் சொல்றே'ன்னு செத்த வீட்டுலயே கேட்டுட்டாங்க. எல்லாரும் அதையே நம்பிட்டாங்க. அதுக்கப்புறம் அத்தை அதைப் பத்திப் பேசறதே இல்லே."

"புதுவீடு எங்கே இருக்கு மக்ளே?"

"முனையைத் தாண்டி உள்பக்கம்தான். அங்க ஒண்ணும் வராதுன்னுதானே வாங்கினோம்."

நான் அன்று வெகுநேரம் உறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை சுரேஷ் விடுப்பெடுத்து எங்களை வீட்டைக் காட்ட அழைத்துப் போனார். வழியில் பெட்ரோல் போட நின்றபோது என்னைத் தனியே அழைத்தார். "மாமா, நீங்க குளச்சல்காரரு. கடல் தெரிஞ்சவரு. நீங்க ஒரு வார்த்தை, இது உள்பக்கம், சுமத்திராவே நமக்குச் சுவரு, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா அம்மா கேப்பாங்க. ப்ளீஸ் மாமா."

வீடு அழகானது. கிழக்குப் பார்த்த வாசல், மாடியில் ஓர் அறை, எதிரே சாலை, சாலையைக் கடந்தால் தாழ்ந்த கற்சுவர், அதற்கப்பால் கண்ணாடி போன்ற கடல். கடலுக்கு அக்கரையில் கெடாவின் மலைகள் நீல மைக் கறையாகத் தெரிந்தன. அம்மாள் காரிலிருந்து இறங்கவில்லை.

நான் சுவரருகே போய் நின்றேன். கரையை ஒட்டி நீருக்குள் ஒரு பெரிய பாறை இருந்தது. காற்று கிளப்பிய சிற்றலைகள் அதன் முன்புறம் மோதி உடைந்தன. பின்புறம் நீர் அசையாமல் கிடந்தது. அப்போது தொலைவில் ஒரு விசைப்படகு கடந்தது. அது எழுப்பிய நீண்ட நீர்வீக்கம் சிறிது நேரங்கழித்துக் கரைக்கு வந்தது. பாறை அதைத் தடுக்கவில்லை. அது இருபக்கமும் வளைந்து போய், பாறைக்குப் பின்னால் ஒன்றையொன்று சந்தித்து, அமைதியாக இருந்த அந்த இடத்திலேயே மேலெழும்பியது.

நான் திரும்பி வந்து கார்க் கதவைத் திறந்தேன். "அம்மா, அன்னைக்கு அலை எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துது? நீங்க பார்த்தபடியே சொல்லுங்க."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு மெல்ல இறங்கி, சாலையைக் கடக்காமல், நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"எங்கப்பா ஹார்பர்ல தொங்காங் படகுல மூட்டை ஏத்தினவரு. காத்து கிளம்பினா முனைக்குப் பின்னாடி போயிடு, அங்கே தண்ணி தூங்கும்னு சொல்லிச் சொல்லி வளத்தாரு. அன்னைக்கு முனைக்கு அந்தப் பக்கம், திறந்த கடல் பக்கமிருந்து ஆளுங்க கத்திக்கிட்டு ஓடி வந்தாங்க. இவரு ரோட்டைப் பாத்து ஓடலாம்னாரு. நான்தான், வேணாங்க, முனைக்குப் பின்னாடி வாங்கன்னு கையைப் புடிச்சு இழுத்தேன். இங்கதாண்ணே. இங்க வந்து நின்னோம். அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம். அது இந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு." அவர் கை கெடாவை நோக்கி நீண்டது. "முதுகுலே அடிச்சுச்சு."

சுரேஷ், "அம்மா, அது எப்படிம்மா..." என்று தொடங்கினார்.

"வந்திருக்கும்" என்றேன். "தம்பி, அம்மா சொன்னது சரி."

பின்பு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் குளச்சல் மேற்குக் கரையில் இருக்கிறது. அலை பிறந்ததோ கிழக்கே. நடுவில் இலங்கை இருக்கிறது, குமரி முனை இருக்கிறது. நாங்களும் சுவர் என்றுதான் நம்பியிருந்தோம். அது இலங்கையைச் சுற்றி, முனையைச் சுற்றி வளைந்து வந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. என் அண்ணன் அதில் போனார். ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகவே ஆண்டுக்கணக்கில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். காற்று எழுப்பும் அலை குட்டையானது, அதைத் தடுக்க ஒரு முனை போதும். கடலடி நிலம் எழுப்பும் அலையோ ஒரு மாவட்டத்தையே விழுங்கும் நீளம் உடையது. அதன் முன் முனை என்பது ஒரு சுள்ளி. ஆழம் குறைந்த இடத்தில் அதன் ஓர் ஓரம் தளரும், ஆழமான இடத்தில் மறு ஓரம் முந்தும்; ஆகவே அலைவரிசை முழுதும் கரையை நோக்கித் திரும்பும். சுமத்திராவின் வட நுனியைச் சுற்றித் திரும்பியது, தீவைச் சுற்றித் திரும்பியது. கெடாக் கரையில் மோதிய நீர் சுவரில் பட்ட பந்துபோல் இங்கே மீளவும் கூடும்.

"உங்கப்பா சொன்னதும் பொய் இல்லம்மா. காத்துக்கு அதான் சரி. உங்களுக்குச் சொல்லிக் குடுத்த கடலு வேற, அன்னைக்கு வந்த கடலு வேற."

ருக்மணி அம்மாள் பாறைப் பக்கம் திரும்பினார். பாறையின் பின்னால் இன்னொரு படகின் வீக்கம் வந்து எழும்பியதை மட்டும் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அதான். அப்படித்தான் வந்துச்சு" என்றார், யாரையும் பாராமல்.

சுரேஷ் படியில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லத்தானே மாமா கூப்பிட்டேன். இப்ப நான் என்ன பண்றது? வீட்டை வித்துடவா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மறுபடி எப்போது வரும், வருமா என்று சொல்ல எனக்கு அறிவு போதாது என்றேன். நிலம் நடுங்கினாலோ, கடல் தன் இயல்பு மாறினாலோ, சைரன் கேட்டாலோ முனையின் பின்னால் ஒதுங்காமல் மேட்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது.

"மேடு எங்கே இருக்கு?" என்று கேட்டவர் அம்மாள்.

வீட்டுக்குப் பின்னால் மலை இருந்தது. அதில் ஏறும் சாலை சுரேஷுக்கே தெரியவில்லை. காரில் வந்து காரில் போகிறவர். அம்மாள் முன்னால் நடந்தார். ஒரு சந்து மதிலில் முட்டி நின்றது, திரும்பினோம். அடுத்த சந்தில் ஒரு நாய் குரைத்தது, அதையும் அதட்டிக் கடந்தார். மூச்சு வாங்க மேலே ஏறி நின்றபோது கீழே கூரைகளும் கடலும் வெயிலில் மிதந்தன. "இந்த வழிதான். அந்த முட்டுச் சந்து வேணாம். மருமவளுக்கும் காட்டணும்" என்றார். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இறங்கும் வழியில் சுரேஷ் தாயின் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை சுரேஷ் பார்வதி அம்மாளுக்குத் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த அறையில் இருந்த எனக்கு ஒரு பக்கம் மட்டுமே கேட்டது. "இல்லே அத்தே... அம்மா குழப்பல... நாமதான் அத்தே... ஆமா, அங்கதான், நம்ம வீட்டு வாசல்லயே."

வெள்ளிக்கிழமை விடியலில் உருளியைக் கழுவிப் பொட்டிட்டு அடுப்பில் ஏற்றினேன். உறவினர்கள் வந்து நிறைந்தார்கள். பார்வதி அம்மாள் பருத்த உடலும் வெண்கலக் குரலுமாக வந்திறங்கி, "குளச்சல் மாமா நீங்கதானா? உருளியெல்லாம் சுமந்து வந்தீங்களாமே, பினாங்குல பாத்திரமே கெடைக்காதுன்னு யாரு சொன்னா?" என்று என்னை வாரினார். ஆனால் அவர் கண்கள் வாசலையே தேடின.

ருக்மணி அம்மாள் வந்திருந்தார். பட்டுச் சேலையில், வாசல் கதவுக்கு வெளியே, சாலையோரத்தில் நின்றிருந்தார். கலா போய் அழைத்தாள், சுரேஷ் போய் அழைத்தார். "பாலைக் காய்ச்சுங்க, நான் இங்க நிக்கறேன்" என்பதே விடை.

பார்வதி அம்மாள் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனார். நான் அடுப்பருகே ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"அண்ணி" என்றார் பார்வதி. அந்தப் பெரிய குரல் இவ்வளவு சிறிதாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "எங்கண்ணன் எங்க நின்னாரு? எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு? எனக்குக் காட்டுங்க."

ருக்மணி அம்மாள் அவரைக் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்தினார். முந்தைய நாள் தாம் கடக்காத சாலை அது. சுவரோரம் ஓர் இடத்தில் நின்று காலால் தரையைத் தொட்டுக் காட்டினார். பிறகு கையை முனைப் பக்கம் நீட்டி, கடலின் மேலே மெதுவாக ஒரு பெரிய வளைவாகச் சுற்றிக்கொண்டு போய், கெடா மலைகளைத் தொட்டு, திரும்பத் தம் முதுகில் கொண்டுவந்து வைத்தார். பார்வதி அம்மாளின் தலை அந்தக் கை போன வழியெல்லாம் கூடவே திரும்பியது. பிறகு அவர் அண்ணியின் முதுகில், அந்தக் கை இருந்த இடத்திலேயே, தம் கையையும் வைத்தார்.

உள்ளே பால் நுரைத்து ஏறத் தொடங்கியிருந்தது. நான் கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றேன். ருக்மணி அம்மாள்தான் ஜன்னல் வழியே ஆவியைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்து, வாசலில் நின்றுகொண்டிருந்த உறவினர்களைப் பார்த்து, வீட்டுக்காரியின் அதட்டலோடு, "என்ன எல்லாரும் வெளியே நின்னு வேடிக்கை? பால் பொங்கப் போவுது, உள்ளே வாங்க!" என்றார். எல்லோருக்கும் முன்னால் வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்.

ஐயா, அம்மையீர், என் பயணம் இவ்வளவே. முனைக்குப் பின்னால் மறைவான கரை, அலை வராது என்று நம்பி வாழ்கிறவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். படித்தபின் இக்கட்டுரையை எறிந்துவிடாமல் ஓரிடத்தில் வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.